வீதிக்கு மீண்ட விளையாட்டு

ஒரு விளையாட்டுக்குக் கேடு எப்போதும் அதன் பகைவராலேயே வருமென்று எண்ணுதல் தவறு. அதனைக் காக்கப் புகுந்தோரே சில வேளைகளில் அதன் மூச்சை அடைத்துவிடுவதுமுண்டு. இங்கிலாந்தின் துவிச்சக்கர வண்டிப் பந்தய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டு வீதிகளிற் குதிரை வண்டிகளே மலிந்திருந்தன. கூட்டமாய் விரைந்து வந்த பந்தயக்காரரைக் கண்டு குதிரைகள் மிரண்டன, மக்கள் வெறுப்புற்றனர், பொலிசார் குறுக்கிட்டனர். வீதியைப் பயன்படுத்தும் உரிமையே பறிபோய்விடுமோ என்று அஞ்சிய தேசிய துவிச்சக்கர வண்டியோட்டிகள் சங்கம், யாவரும் ஒருங்கே புறப்பட்டு ஓடும் வீதிப் பந்தயங்களைத் தானே தடைசெய்தது. விலங்கிட்டது அரசாங்கமன்று, சொந்தச் சங்கமே என்பது கவனிக்கத்தக்கது.

எஞ்சியது நேரப் போட்டி ஒன்றே. 1895-இல் பிட்லேக் என்பவர் வகுத்த முறைப்படி, வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு தனித்துப் போராடினர். விடியற் பொழுதில், கருநிற உடையணிந்து, ஊரறியாமல் ஓடினர். ஐரோப்பாக் கண்டத்திலோ வீதிப் பந்தயம் ஊர்கூடிக் காணும் பெருவிழாவாயிருந்தது.

1933-இல் ஒரு சிறு கதவு திறந்தது. 1907-இல் மோட்டார்ப் பந்தயத்துக்கென அமைக்கப்பட்ட புறூக்லண்ட்ஸ் சுற்றுத்தடத்தில், உலகப் போட்டிக்கு வீரரைத் தெரிவதற்காகக் கூட்டப் பந்தயம் நடைபெற்றது. அதில் ஓடியவருள் வுல்வர்ஹாம்ரன் நகரத்து இளைஞர் பேர்சி ஸ்டலாட் ஒருவர். ஊதியம் பெறாத விளையாட்டு வீரரான அவர், அவ்வாண்டிலும் அடுத்த ஈராண்டுகளிலும் உலகப் போட்டிகளிற் பங்குபற்றினார்.

கூட்டமாய் ஓடுவது தனியே ஓடுவது போன்றதன்று. முன்செல்பவன் எதிர்காற்றைத் தாங்க, அவன் சில்லை ஒட்டி வருபவன் வலிமையைச் சேமிக்கிறான். எப்போது மறைந்திருப்பது, எப்போது பாய்வது என்பதை அறிவதற்குக் காலின் வலிமையோடு மதியும் வேண்டும். இச்சுவையைக் கண்டவர் மூடிய தடத்தையே சுற்றிச்சுற்றி ஓடி அமைதியடைவரோ? மலையும் பள்ளமும் ஊரும் சந்தையும் கடந்து ஓடுவதே ஸ்டலாட்டின் ஆசையாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோல் கட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டிகள் அருகின. இதுவே தருணமெனக் கண்ட அவர், சங்கம் மறுத்தபோதும், பொலிசாரின் இணக்கத்தைப் பெற்று, 1942 யூன் 7-ஆந் தேதி லங்கொலனிலிருந்து வுல்வர்ஹாம்ரன் வரை 59 மைல் பந்தயமொன்றை நடத்தினார். நாற்பதின்மர் புறப்பட்டனர். முடிவிடத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டனர். அஞ்சிய குழப்பம் எதுவும் நிகழவில்லை. ஆயினும் சங்கம் அவரைக் காலவரையறையின்றி விலக்கியது.

விலக்கப்பட்டோரும் அவர்தம் நண்பரும் அவ்வாண்டே தனிக் கழகம் அமைத்தனர். பதினேழு ஆண்டுகள் ஒரே விளையாட்டை நேசித்தோர் இரு பாசறைகளாய்ப் பகைத்து நின்றனர். கழகத்தில் வளர்ந்த இயன் ஸ்டீல் 1951-இற் பிரித்தானியச் சுற்றுப் பந்தயத்திலும், 1952-இல் வார்சோ–பேர்லின்–பிராக் சமாதானப் பந்தயத்திலும் வென்றார். 1959-இல் இரு பிரிவும் இணைந்தன. 1960-இல் அரசாங்கமே வீதிப் பந்தயங்களுக்கு விதிகள் வகுத்து இடமளித்தது. ஸ்டலாட்டோ அவ்விணைப்பைத் தம் கொள்கைக்கு இழைத்த துரோகமென்றே கருதினார். 2001-இல் மறையும்வரை அக்கருத்தினின்றும் மாறினாரல்லர்.

முன்னோரின் அச்சம் பொய்யன்று. அவர்கள் கண்ட இடர் மெய்யே. ஆயின் குதிரைகள் மறைந்த பின்னரும் குதிரைக்காக இட்ட விதி மறையவில்லை. ஒரு விதியைக் காக்கும் மூத்தோர், அது பிறந்த காரணம் இன்னும் உயிரோடிருக்கின்றதா என்று இடையிடையே வினவுதல் வேண்டும். அதனை மாற்ற முனையும் இளைஞர், ஸ்டலாட் பொலிசாரிடம் சென்று இணக்கம் பெற்றது போல, பிறர்க்கு ஊறு நேராவண்ணம் ஆவன செய்த பின்னரே களத்தில் இறங்குதல் வேண்டும். இவ்விரண்டும் காலத்தே நிகழ்ந்திருப்பின் அப்பதினேழு ஆண்டுப் பகைக்கு இடமிருந்திராது.