டிஜிட்டாலிஸ் பர்ப்யூரியா

டிஜிட்டாலிஸ் பர்ப்யூரியா என்பது மேற்கு ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட ஈராண்டுப் பூச்செடி ஆகும். ஆங்கிலத்தில் இது ஃபாக்ஸ்குளோவ், அதாவது நரியின் கையுறை, என்று வழங்கப்படுகிறது. ஆளுயரத்திற்கு எழும் பூந்தண்டும் தானே விதையுதிர்த்துப் பெருகும் இயல்பும் இதனை உலகெங்கும் மிதமான தட்பவெப்பம் உள்ள தோட்டங்களில் இடம்பெறச் செய்தன. இதய நோய்க்கான மருந்தும் உயிரைப் பறிக்கும் நஞ்சும் இதன் இலையில் உள்ள ஒரே வகை வேதிப்பொருள்களே. தமிழகத்தில் இது நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கே ஏற்றது.

பெயர்

செருமானிய மொழியில் இப்பூவுக்கு விரலுறை என்று பொருள்படும் பெயர் உண்டு. அதனைத் தழுவி, விரல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து டிஜிட்டாலிஸ் என்னும் பெயரை லெயோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் உருவாக்கினார். பர்ப்யூரியா என்னும் சிற்றினப் பெயர் லின்னேயசு 1753இல் இட்டது. முன்பு ஸ்க்ரோஃபுலேரியேசி குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடி, மரபணு ஆய்வுகளுக்குப் பின் பிளான்டஜினேசி குடும்பத்திற்கு மாற்றப்பட்டது. நம் வயலோரங்களில் படரும் நீர்ப்பிரமியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

வாழ்க்கைச் சுழற்சி

முதலாண்டில் தரையோடு படிந்த இலைக்கொத்து மட்டுமே உருவாகிறது. இலைகள் மென்மயிர் படர்ந்து, கீரை போலத் தோற்றமளிப்பவை. குளிர்காலத்தைக் கடந்த பின், இரண்டாமாண்டில் இலைக்கொத்தின் நடுவிலிருந்து 1 முதல் 2 மீட்டர் வரை பூந்தண்டு எழுகிறது. அதில் 4 முதல் 5 செ.மீ. நீளமுள்ள மணி வடிவப் பூக்கள் ஒருபக்கமாகத் தொங்கும். பூக்கள் கீழிருந்து மேலாக மலர்கின்றன. ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் முதலில் முதிர்ந்து, சூல்முடி பின்னரே ஏற்புநிலை அடைகிறது. எனவே எந்நேரமும் கீழ்ப்பூக்கள் பெண் நிலையிலும் மேற்பூக்கள் ஆண் நிலையிலும் இருக்கும். கீழிருந்து மேல் ஏறும் தேனீ, முந்தைய செடியின் மகரந்தத்தைக் கீழ்ப்பூக்களில் விட்டு, புதிய மகரந்தத்துடன் மேலிருந்து வெளியேறும்.

ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 10,000 விதைகள் அடங்கும். இவற்றுக்கு இறகோ மயிரோ இல்லாமையால் பெரும்பாலும் தாய்ச்செடியைச் சுற்றியே விழுகின்றன. முளைக்க ஒளி தேவை. எனவே மண் கிளறப்பட்ட இடங்களில் நாற்றுகள் திடீரெனத் தோன்றுவது இயல்பு. விதைத்தபின் தாய்ச்செடி பொதுவாக மடிந்துவிடும்.

தமிழகத்தில் வளர்த்தல்

திருச்சிராப்பள்ளி தென்னூரிலோ திருவரங்கத்திலோ மாடித்தோட்டத்தில் இதனை விதைத்தால் முளைக்கக்கூடும், பூப்பதில்லை. காரணம் வெயில் மட்டுமன்று. போதிய அளவு வளர்ந்த இலைக்கொத்து, பல வாரங்கள் தொடர்ந்து 5 பாகை செல்சியசை ஒட்டிய குளிரை உணர்ந்தாலே பூந்தண்டு உருவாகும். இது குளிர்ப்பதப்படுத்தல் எனப்படுகிறது. கடல்மட்டத்திலிருந்து 90 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலுள்ள திருச்சியில் ஜனவரி இரவுகளும் 20 பாகையை ஒட்டியே இருக்கின்றன. செடிக்குக் குளிர்காலம் வந்ததே தெரியாது. 1967இல் அமெரிக்காவில் பரிசு பெற்ற ஃபாக்ஸி போன்ற வகைகள் குளிரின்றி முதலாண்டிலேயே பூக்கும். எனினும் அவையும் சமவெளிக் கோடையைத் தாங்குபவையல்ல.

2,200 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. மருந்து தேவைக்காக நீலகிரியில் இச்செடி பயிரிடப்பட்டதும் இதனால்தான். மலைத்தோட்டத்தில் வளர்ப்போர் பனிக்காலத்துக்கு முன்பே இலைக்கொத்து நன்கு பருக்கும்படி விதைக்க வேண்டும். விதையை மண்ணால் மூடாமல் மேலாகத் தூவி நீர் தெளித்தால் போதும். நீர் தேங்காத, இலைமக்கு நிறைந்த மண்ணும் அரைநிழலும் ஏற்றவை. ஆண்டுதோறும் பூ வேண்டுமெனில் அடுத்தடுத்த இரு ஆண்டுகள் விதைத்தல் வேண்டும். அதன்பின் செடியே பார்த்துக்கொள்ளும்.

தானே பெருகும் இவ்வியல்பு சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் ஒட்டிய தோட்டங்களில் கவனிக்கத்தக்கது. நீலகிரிக்குத் தோட்டச்செடிகளாக வந்த கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகிய முட்புதர், புதர்ச்செடிகள் பின்னர் புல்வெளிகளை ஆக்கிரமித்தன. காய்கள் பழுப்பாகுமுன் பூந்தண்டை வெட்டிவிடுவது எளிய காப்பு. உயரமான பூந்தண்டே வேண்டுமெனில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இயல்பாக வளரும் காட்டுப்புகையிலை உள்ளது. 3 மீட்டர் வரை வளரும் அதுவும் நச்சுச்செடியே. பழனி மலைத் தாவரங்களை அறிய விரும்புவோர்க்கு, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மேத்யூ 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவர நூல் பயன்தரும்.

மருந்தும் நஞ்சும்

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1775இல், உடலில் நீர்கோத்து வீங்கும் நோய்க்கான நாட்டு மருந்து ஒன்றைப் பற்றி அறிந்தார். இருபதுக்கு மேற்பட்ட மூலிகைகள் கொண்ட அதில் இச்செடியே வேலை செய்கிறது எனக் கண்டறிந்து, பத்தாண்டு அனுபவத்தை 1785இல் நூலாக்கினார். தோல்விகளையும் மறைக்காமல் எழுதியது அந்நூலின் சிறப்பு. 1930இல் சிட்னி ஸ்மித், இதன் இனச்செடியான டிஜிட்டாலிஸ் லனாட்டாவிலிருந்து டிகாக்சினைப் பிரித்தெடுத்தார். இது இதயத்தசைச் செல்களின் சோடியம்–பொட்டாசியம் ஏற்றியைத் தடுப்பதால் செல்லுக்குள் கால்சியம் மிகுந்து சுருக்கம் வலுப்பெறுகிறது.

பயன்தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வழக்கமான மாத்திரை ஒன்றில் 0.25 மில்லிகிராம் மருந்தே உள்ளது. இலையிலுள்ள நஞ்சின் அளவோ செடிக்குச் செடி மாறும், உலர்த்தினாலும் நீங்காது. ஆகவே இலையைக் கசாயமாக்குவது மருத்துவமாகாது. குமட்டல், பார்வையில் மஞ்சள் நிறம், சீரற்ற நாடித்துடிப்பு ஆகியவை நச்சுக்குறிகள்.

இவ்வகை வேதிப்பொருள்களுக்காக மலையேற வேண்டியதில்லை. தென்னூர்த் தெருக்களிலும் காணக்கூடிய அரளி, மஞ்சள் அரளி ஆகியவற்றிலும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் உள்ளன. டிகாக்சின் நச்சுக்கெனச் செம்மறியாட்டில் உருவாக்கப்பட்ட எதிர்ப்புரத மருந்து மஞ்சள் அரளி நச்சையும் முறிக்கிறது என்பதை இலங்கையில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. அது 2000இல் லான்செட் இதழில் வெளியானது. அம்மருந்து விலை மிக்கது. அரளியையோ டிஜிட்டாலிசையோ குழந்தை மென்றுவிட்டால், அறிகுறிகளுக்காகக் காத்திராமல், செடியின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.