பிள்ளைத்தமிழ் கண்ட குழந்தைப் பருவம்

சோழ மன்னன் இரண்டாம் குலோத்துங்கன் கி. பி. 1133 முதல் 1150 வரை ஆட்சி புரிந்தவன். அவனைத் தொட்டிற் குழவியாகப் பாவித்து ஒட்டக்கூத்தர் பாடிய நூலே இன்று நமக்குக் கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழைமையானது. கண்ணனைக் குழந்தையாக்கிப் பெரியாழ்வார் பாடியது அதற்கும் முற்பட்டது. முடிசூடிய வேந்தனைச் செங்கீரை ஆடுமாறு வேண்டுவது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அப்பாடல்களின் படிமுறை அரண்மனையில் தோன்றியதன்று. வீட்டு முற்றத்திலே தவழ்ந்த குழந்தையைத் தாய்மார் நோக்கியிருந்த நோக்கிலிருந்து பிறந்தது.

பாட்டியல் நூலார் குழவிப் பருவத்தைப் பத்தாக வகுத்து, மூன்றாம் மாதந் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் அமைத்தனர். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு.

முதலாவது காப்பு. திருமால் முதலாய தெய்வங்களைக் குழந்தையைக் காக்குமாறு வேண்டும் பகுதி இது. இங்கே தெய்வங்களின் கொலைத்தொழிலைக் கூறலாகாது என்பது விதி. தொட்டிலருகே சாவின் நிழலும் படலாகாது என அஞ்சிய உள்ளமே இவ்விதியைச் செய்திருத்தல் வேண்டும். அவ்வச்சம் கற்பனையன்று. மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935ஆம் ஆண்டில் இலங்கையில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. இன்று அத்தொகை ஆயிரத்துக்குப் பத்திலும் குறைவு. ஒட்டக்கூத்தர் காலத் தாய்க்கோ தடுப்பூசியும் இல்லை, மருத்துவமாதும் இல்லை. ஐம்படைத்தாலியும் வேண்டுதலுமே துணை.

ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலைநிமிர்ந்து அசைகின்றது. ஏழாம் மாதம் தால். நாவசைத்துத் தாலாட்டும் பருவம். ஒன்பதாம் மாதத்தில் இருந்தபடியே கைகொட்டுகின்றது; அது சப்பாணி. பதினோராம் மாதத்தில் முத்தம் கேட்கின்றனர். அடுத்தது வருகை, தளர்நடையிட்டு வருமாறு தாய் அழைக்கின்றாள்.

இவ்விடத்தே பல இல்லங்களில் ஒரு கவலை பிறக்கும். அயல்வீட்டுப் பிள்ளை நடக்க, தன் பிள்ளை ஓராண்டாகியும் நடக்கவில்லையே என்பதே அது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் குழந்தைகளை அவதானித்து 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடல்நலமுள்ள குழந்தை துணையின்றி நடக்கத் தொடங்குவது ஏறத்தாழ 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முழங்கால் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டன. செங்கீரை ஆடாத குழந்தைகளும் உண்டு என்க. பதினெட்டு மாதங் கடந்தும் நடவாத குழந்தையை மட்டும் மருத்துவரிடம் காட்டத் தாமதித்தல் கூடாது.

பல் முளைத்தலைப் பிள்ளைத்தமிழ் தனிப் பருவமாக்கவில்லை. யாழ்ப்பாணத்தார் அதனை விட்டுவிடவில்லை. பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலையிற் கொட்டி மகிழ்வர். ஆனால் அக்காலத்தில் வரும் கடுங்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் பல்லின் மேல் ஏற்றிவிடும் வழக்கம் தீங்கானது. கண்டதையெல்லாம் வாயிலிடும் வயது அது. நோய்க்கிருமி வயிற்றுட் செல்ல வழி பல.

பின்னைய பருவங்களுள் முதலாவது அம்புலி. அதன்பின் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்றும், பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கு நீராடல், அம்மானை, ஊசல் என்றும் பிரிந்தன. மாதக் கணக்கு இங்கே இடறுகின்றது. இரண்டு வயது நிரம்பாத சிறுமி ஊசலில் அமரலாம். அம்மானைக் காய்களை மாறிமாறி எறிந்து பிடித்தல் எங்ஙனம் இயலும்? பத்தை நிரப்பும் ஆர்வத்தில் புலவர் பெதும்பையின் விளையாட்டைக் குழவிக்குக் கொடுத்துவிட்டனர். சிறுதேர் அத்தகையதன்று. நடை திருந்திய குழந்தை கயிற்றைப் பற்றித் தேரை இழுத்தபடி செல்வதும், அது பின்னே வருகின்றதா என அடிக்கொருதரம் திரும்பிப் பார்ப்பதும் இருபத்தோராம் மாதத்துக்கே உரியன.