அளவு தப்பாத கைகள்: தோட்டத்து ரப்பர் ஸ்டோர் கதை



போன வெள்ளிக்கிழமை அன்னதானச் சமையலில் எங்கள் தொண்டர் பிள்ளை ஒருவர் கேட்டார்: "இந்தப் பாட்டி ஏன் உப்பைக்கூட எப்பவும் ஒரே டம்ளர்லயே அளக்குறாங்க?" பாட்டி சிரித்துக்கொண்டே, "ஸ்டோர்ல வேலை செஞ்ச கை ஐயா, அளவு தப்பாது" என்றார். பிள்ளைக்குப் புரியவில்லை. இளையவங்க நிறைய பேருக்குப் புரியாது என்பதால் எழுதுகிறோம்.

1877-ல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில பேராக்கில் கோலகங்சாருக்குப் போயின. 1888-ல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வழியைக் காட்டினார். பிறகு தோட்டங்கள் பெருகின. 1938 வரை கங்காணி மூலம் நம்ம ஆளுங்க கப்பல் ஏறி வந்தார்கள்.

பால்மரம் வெட்டினது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு ஸ்டோரில் நடந்ததைப் பேசுறவங்க குறைவு.

வாளியில் வந்த பாலை முதலில் வடிகட்டணும். பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் தண்ணீர் சேர்த்து, மெட்ரோலாக் கருவியால் கெட்டியைப் பார்க்கணும். அப்புறம் அளந்து கலக்கிய பார்மிக் அமிலம். கூடினால் கட்டி இறுகிப்போகும். குறைந்தால் உறையாமல் இளகி நிற்கும். மறுநாள் கட்டியை உருளையில் விட்டு மூணு மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்குவார்கள். கடைசி உருளை வரிவரியாகப் பள்ளம் போடும். அது அழகுக்கு இல்லை, காற்றும் புகையும் படும் பரப்பு கூடி சீக்கிரம் காய்வதற்கு. பிறகு கழியில் தொங்கவிட்டு ஸ்மோக் ஹவுஸில் சுமார் நாலு நாள். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் வரும். அதனால் ராத்திரியும் ஒருத்தர் விறகைப் பார்த்துக்கொண்டே இருக்கணும். கடைசியில் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பட்டைத் துகளும் குமிழியும் இருக்கும் இடத்தைக் கத்தரித்து, 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். ஒரு தரம் இறங்கினால் விலையும் இறங்கும்.

இதில் புதுசா யோசிக்க இடமில்லை. நேற்று செய்ததை இன்றும் அப்படியே செய்யணும். அந்தப் பொறுமை உள்ளவங்கதான் அங்கே நிலைத்தார்கள். ஆனால் ஊர் அதை "படிக்காத வேலை" என்றுதான் சொன்னது. நாமும் அப்படித்தான் நினைத்தோம், மறுக்கவில்லை.

1965-ல் எஸ்எம்ஆர் தரமுறை வந்தது. பாலும் கட்டியும் பெரிய ஆலைகளுக்குப் போயின. செம்பனை பரவியது. தோட்டங்கள் துண்டானபோது ஸ்டோரும் போனது. பல இடங்களில் தோட்டத்து மாரியம்மன் கோயிலும் போனது. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. நம் கோயிலில் விளக்குத் திரி ஒரே நீளத்தில் இருப்பதும், அபிஷேகப் பொருள் வரிசை மாறாமல் இருப்பதும் அந்தக் கைகளால்தான்.

"எனக்குப் புதுசா எதுவும் தோணாது, சொன்னதை ஒழுங்கா செய்யத்தான் தெரியும்" என்று தயங்கும் பிள்ளைகளே, அது குறை இல்லை. உங்களைப் போன்றவர்கள் காய வைத்த ஷீட்டில்தான் உலகத்து டயர்கள் ஓடின.

வீட்டில் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவங்க இருந்தால், வரும் ஞாயிறு பூஜைக்குப் பிறகு கூட்டிட்டு வாங்க. அவங்க சொல்வதை நாங்கள் எழுதி வைக்கிறோம். போன வருஷம் கேட்டிருக்க வேண்டிய இரண்டு பேர் இப்போது இல்லை.

அம்மன் துணை.