கலெக்டர் (திருவண்ணாமலை)

மாவட்ட நிர்வாகத்தின் தலைமை அதிகாரியான மாவட்ட ஆட்சியரை மக்கள் இன்றும் கலெக்டர் என்றே சொல்கிறார்கள். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்து வங்காளத்தில் வரி வசூலுக்காக உண்டான பதவி இது. ஆற்காட்டு நவாபின் நாடு 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வசமானதும் இந்தப் பகுதிக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் திருவண்ணாமலைக்கென்று தனிக் கலெக்டர் வர அடுத்த நூற்றாண்டின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1896-இல் ரமண மகரிஷி வந்து சேர்ந்தபோது ஊர் தென்னாற்காட்டின் ஒரு தாலுகா. கலெக்டர் இருந்தது கடலூரில். பிறகு வடாற்காட்டில் சேர்ந்ததால் மனு வேலூருக்குப் போனது. கிராமத்தார் நேரில் பார்த்த சர்க்கார் தாசில்தாரும், மணியக்காரரும், கர்ணமும்தான்.

வரிக்கென வந்தவர் கோயில் கணக்கையும் பார்க்க நேர்ந்ததுதான் இந்தப் பதவியின் சுவாரசியமான கட்டம். 1817-ஆம் ஆண்டின் சென்னை ரெகுலேஷன் கோயில் சொத்துகளின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடம் ஒப்படைத்தது. போர்டு இருந்தது சென்னையில். மாவட்டத்தில் அதன் வேலையைச் செய்தவர் கலெக்டர். கிறிஸ்தவ அரசின் அதிகாரி இந்துக் கோயில் காரியம் பார்ப்பதா என்று மிஷனரிகள் இங்கிலாந்து வரை முறையிட்டார்கள். 1840-களில் கம்பெனி மெல்லக் கழன்றுகொள்ள, 1863-ஆம் ஆண்டுச் சட்டம் அறங்காவலர்களிடமும் கமிட்டிகளிடமும் பொறுப்பை விட்டது. இன்று அது அறநிலையத் துறையின் பாடு.

1989 செப்டம்பர் 30 அன்று வடாற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவானது. (சம்புவராயர் பெயர் 1997-இல் விடுபட்டது.) கோயில் நிர்வாகம் கையில் இல்லாவிட்டாலும் கார்த்திகை தீபம் வந்துவிட்டால் ஆட்சியருக்குத் தூக்கம் கிடையாது: தற்காலிகப் பேருந்து நிலையம், குடிநீர், கழிப்பறை, கிரிவலப் பாதையில் அன்னதான அனுமதி என்று எல்லாமே அவர் கூட்டும் ஆலோசனைக் கூட்டத்துக்குத்தான் வரும். 2024 டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் இறந்தார்கள். மலை உச்சியில் தீபம் ஏற்றும் நாள் டிசம்பர் 13. வல்லுநர் குழு மலையை ஆராய்ந்த பின், அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதியில்லை என்று முடிவானது.

இதே வேலைக்குக் கர்நாடகத்தில் டெபுடி கமிஷனர் என்று பெயர். பிரிட்டிஷ் ஆப்பிரிக்காவில் டிஸ்ட்ரிக்ட் கமிஷனர். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபர். அவர் இருக்குமிடம் கச்சேரி.

வரி வசூல் காலத்து மிச்சம் ஒன்று தாலுகா அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டுப்படியே தணிக்கையாகின்றன. 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மக்கள் அங்கேயே மனு கொடுக்கிறார்கள்.