மகப்பேறு மருத்துவமனைகளில் குடும்பநலப் பிரிவு

பிரசவத்துக்கும் கருக்கலைப்புக்கும் வரும் பெண்களுக்கு அங்கேயே கருத்தடை ஆலோசனையும் சிகிச்சையும் தரும் தனிப் பிரிவு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘பி.பி. (போஸ்ட் பார்ட்டம்) சென்டர்’ என்று வழங்கியது.

மைசூர் சமஸ்தானம் 1930இல் திறந்த கருத்தடை நிலையங்களே, அரசு நடத்தியவற்றுள் உலகிலேயே முதலாவன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1952இல் குடும்பக் கட்டுப்பாடு இந்தியாவின் தேசியத் திட்டமானது. 1956 முதல் சென்னை மாநிலம், கருத்தடை அறுவை செய்துகொண்ட ஏழைகளுக்கு ரொக்கம் கொடுத்தது.

தனிப் பிரிவுகள் உருப்பெற்றது 1969இல் தொடங்கிய அகில இந்திய மருத்துவமனைப் பேறுகாலத் திட்டத்தால்தான். பாப்புலேஷன் கவுன்சில் 1966 முதல் பல நாட்டு மருத்துவமனைகளில் நடத்திய முயற்சி இதற்கு முன்மாதிரி. அடுத்த பிள்ளையைப் பற்றி ஒரு தாய் யோசிக்கும் வேளையில் மருத்துவர், தியேட்டர், படுக்கை யாவும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவள் இன்னொரு முறை பஸ் ஏறி வரவேண்டியதில்லை. பெரிய மருத்துவமனைகளுக்குத் தனிப் பணியாளரும் படுக்கைகளும் கிடைத்தன. 1980களில் திட்டம் வட்ட மருத்துவமனைகளை எட்டியது. உடலமைப்பும் இந்த வேளைக்குச் சாதகம்: பிரசவித்த ஓரிரு நாளில் கருப்பை தொப்புளை ஒட்டி உயர்ந்து நிற்கும். தொப்புளுக்குக் கீழே சிறு கீறல் போட்டாலே கருக்குழாய் கைக்கு எட்டிவிடும். மற்ற வேளைகளில் கருத்தடை அறுவை பொதுவாக இவ்வளவு எளிதில்லை.

நெருக்கடி நிலைக் காலத்துக் (1975–77) கட்டாயக் கருத்தடை, குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் பெயரையே கெடுத்தது.

தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்ததில் இப்பிரிவுகளின் பங்கு எவ்வளவு என்பதில் ஒருமித்த கருத்தில்லை. பெண்கல்வி, திருமண வயது உயர்வு, 1930களிலேயே பெரியார் செய்த ‘கர்ப்ப ஆட்சி’ (கருத்தடை) பிரசாரம் ஆகியவற்றை முன்னிறுத்துவோரும் உண்டு. ஊக்கத்தொகை சம்மதத்தை எந்த அளவு பாதித்தது என்பதும் விவாதத்துக்குரியது. பிரசவ வலியில் கிடப்பவளிடம் சம்மதம் கேட்கலாகாது, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே பேசிவிட வேண்டும் என்பது இன்றைய நெறி.

2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே நடந்த கருத்தடை முகாமைத் தொடர்ந்து 13 பெண்கள் இறந்தனர். முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நிலையான மருத்துவமனைச் சேவையின் அருமை அப்போது மேலும் துலங்கியது.

பிரசவத்தை ஒட்டிக் காப்பர் டி பொருத்துவது 2010க்குப் பின் பரவியது. நஞ்சு வெளிவந்த 10 நிமிடத்துக்குள், நீண்டு வளைந்த இடுக்கியால் கருப்பையின் மேல்முகட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். தவறினால் 48 மணி நேரம் வரை பொருத்தலாம். ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண் கருத்தடை அறுவையே மிகுதி; ஆண்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2017இல் ‘அந்தரா’ கருத்தடை ஊசியும் அரசுத் திட்டத்தில் சேர்ந்தது.