மரத்தடி புரட்டும் கருவிகள்: பீவியும் கான்ட் ஹூக்கும்

பீவி என்பது பெரிய மரத்தடிகளைப் புரட்டவும் நகர்த்தவும் பயன்படும் ஒரு கைக்கருவி. நீண்ட மரக்காம்பு, அதன் கீழ்ப்பகுதியில் கீல் வைத்துப் பொருத்திய வளைந்த இரும்புக் கொக்கி, நுனியில் கூரான இரும்பு முள் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. கான்ட் ஹூக் என்பது இதன் மூத்த உறவு. அதிலும் காம்பும் கொக்கியும் உண்டு. நுனியில் மட்டும் முள் இருக்காது. முள்ளுக்குப் பதிலாக ஒரு இரும்புப் பூணும், பூணிலிருந்து கொக்கியை நோக்கி நீளும் சிறு மூக்கும் இருக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்று ஆற்றுக்கும் காட்டுக்கும் உரியது, மற்றது மர அறுவை ஆலைக்கு உரியது. இந்தப் பிரிவு எப்படி வந்தது என்பதை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தின் மரத்தொழில் வரலாற்றிலிருந்து அறியலாம்.

பெனோப்ஸ்காட் ஆறும் மரத்தொழிலும்

19ஆம் நூற்றாண்டில் மேய்ன் காடுகளில் வெள்ளைப் பைன், ஸ்புரூஸ் மரங்கள் பெருமளவில் வெட்டப்பட்டன. வெட்டு வேலை குளிர்காலத்தில் நடந்தது. உறைபனி மேல் எருதுகளும் குதிரைகளும் இழுத்த சறுக்கு வண்டிகளில் தடிகள் ஆற்றங்கரைக்கு வந்து குவிந்தன. வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகியதும் அவற்றை நீரில் தள்ளிவிடுவார்கள். அதன்பின் ஆறுதான் வண்டி. பல நிறுவனங்களின் தடிகள் ஒன்றாகக் கலந்து வரும் என்பதால் ஒவ்வொரு தடியிலும் உரிமையாளரின் குறி வெட்டப்பட்டிருக்கும். ஓல்டு டவுன் ஊருக்கு மேலே மிதவைத் தடுப்புகள் கட்டி, அங்கே குறி பார்த்துப் பிரிப்பார்கள்.

பாங்கோர் நகருக்கு மேலே பெனோப்ஸ்காட் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் 1837இல் 250 மர அறுவை ஆலைகள் இருந்ததாக ஹென்றி டேவிட் தோரோ தம் மேய்ன் பயண நூலில் குறிப்பிடுகிறார். பாங்கோரின் மர ஏற்றுமதி 1872இல் உச்சத்தைத் தொட்டது. அந்த ஓராண்டில் 24 கோடி போர்டு அடிக்கு மேல் மரம் கப்பலேறியது. (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் உள்ள பலகை ஒரு போர்டு அடி.) இத்தனை மரத்தையும் காட்டிலும் ஆற்றிலும் ஆலையிலும் பலமுறை புரட்டியவை மனிதக் கைகளே.

பீவிக்கு முன்

தொடக்கத்தில் இருந்தது வெறும் நெம்புக் கழிதான். நம் ஊர்க் கடப்பாரையைப் போல அடியில் செருகித் தூக்குவது. உருண்டையான, ஈரமான தடியில் அது வழுக்கிவிடும். பிறகு கழியில் ஒரு கொக்கியை மாட்டினார்கள். ஆனால் அது தளர்வான வளையத்தில் தொங்கியதால் மேலும் கீழும் ஆடியதோடு பக்கவாட்டிலும் ஆடியது. தடியைப் பிடிக்க வேண்டுமானால் கையாலோ காலாலோ கொக்கியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டுத்தான் நெம்ப வேண்டும். தரையில் இது கொஞ்சம் நேரத்தை வீணாக்கும் வேலை, அவ்வளவுதான். மிதக்கும் தடி மேல் நின்றுகொண்டு, சுழித்தோடும் பனிநீருக்கு நடுவே குனிந்து கொக்கியை எடுத்து வைப்பது வேறு கதை.

ஆற்றில் வரும் தடிகள் பாறையிலோ வளைவிலோ மோதி அடைத்துக்கொள்ளும். பின்னால் வருபவை மேலேறி மலைபோல் குவியும். அந்தக் குவியலைத் தாங்கி நிற்கும் ஒன்றிரண்டு முக்கியத் தடிகளைக் கண்டுபிடித்து நெம்பி விடுவிக்க வேண்டும். விடுபட்ட நொடியில் முழுக் குவியலும் நகரத் தொடங்கும். நெம்பியவர் தாவித் தாவிக் கரை சேர வேண்டும். கொக்கி ஒருமுறை வழுக்கினால் அவர் தண்ணீரில்.

ஆற்றில் போன உயிர்கள் பல. 1853இல் தோரோவுக்குக் காட்டில் வழிகாட்டியாகச் சென்ற ஜோசப் அட்டீன் பெனோப்ஸ்காட் பழங்குடியின் தலைவர், பேர்பெற்ற ஆற்றுத் தொழிலாளி. 1870 ஜூலை 4 அன்று அதே ஆற்றின் மேற்குக் கிளையில், தடி ஓட்டும் வேலையில் இருந்தபோது படகோடு நீரில் சிக்கி மூழ்கி இறந்தார். கருவியைக் கண்டுபிடித்தவரின் பெயர் அகராதியில் ஏறிவிட்டது. அதைப் பிடித்து வேலை செய்தவர்களில் பெயரோடு நினைக்கப்படுபவர் இவரைப்போல் ஒரு சிலரே என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்டில்வாட்டர் கொல்லர்

ஓல்டு டவுனை ஒட்டிய ஸ்டில்வாட்டர் என்ற ஊரில் ஜோசப் பீவி என்ற கொல்லர் இருந்தார். 1857 என்றும் 1858 என்றும் சொல்லப்படும் ஆண்டில், ஆற்றுப் பாலத்தின் பலகைகள் மேல் குப்புறப் படுத்து, இடுக்கு வழியாகக் கீழே தொழிலாளர்கள் ஓர் அடைப்போடு போராடுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தாராம். கொக்கி அங்குமிங்கும் ஆடி ஏமாற்றுவதைக் கண்டதும் எழுந்து பட்டறைக்குப் போனார். காம்பைச் சுற்றி இறுகப் பிடிக்கும் ஓர் இரும்புப் பட்டை செய்து, அதில் இரண்டு காதுகள் வைத்து, நடுவில் கொக்கியை ஆணியால் பொருத்தினார். இனிக் கொக்கி மேலும் கீழும் மட்டுமே அசையும், பக்கவாட்டில் அசையாது. காம்பின் நுனியில் ஒரு முள்ளையும் ஏற்றினார்.

இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. கேட்கும்போது மிகச் சிறியதாகத் தோன்றுகிறது. ஆனால் கொக்கி எந்தத் தளத்தில் விழும் என்பது நிச்சயமானதும், நிமிர்ந்து நின்றபடியே, கையை விட்டு எடுக்காமலே தடியைப் பற்ற முடிந்தது.

காப்புரிமை பற்றி ஒரு கதையும் வழங்குகிறது. வரைபடங்களோடு புறப்பட்ட பீவி வழியில் ஓரோனோ ஊரில் நண்பரான இன்னொரு கொல்லரைப் பார்க்க இறங்கினாராம். அங்கே ரம் ஓடியது, பேச்சும் ஓடியது. விடிந்தபோது நண்பர் முந்திக்கொண்டு விண்ணப்பித்துவிட்டாராம். இதை வரலாறு என்று சொல்வதைவிடப் பட்டறை வாய்மொழி என்று கொள்வதே பொருத்தம். எப்படியானாலும் பெயர் பீவிக்கே நிலைத்தது. ஆங்கிலத்தில் அது பொதுப்பெயராகிவிட்டது. மேய்னின் எடிங்டன் ஊரில் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1857ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கூறுகிறது.

நெம்புகோல் கணக்கு

வகுப்பில் நெம்புகோல் நடத்தும்போது கடப்பாரையையும் பாக்குவெட்டியையும் சொல்லி முடித்துவிடுவோம். மாணவர்களுக்கு இந்தக் கருவி நல்ல கணக்கு.

16 அடி நீளம், 2 அடி விட்டம் உள்ள பச்சை வெள்ளைப் பைன் தடி ஏறத்தாழ 800 கிலோ எடை இருக்கும். அதன் முன்னால் 2 அங்குல உயரத் தடங்கல் ஒன்று நீளவாக்கில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடியை அதன்மேல் ஏற்ற, தடங்கலின் விளிம்பே சுழல் புள்ளி. தடியின் மையம் அதிலிருந்து கிடையாக 6.6 அங்குலம் தள்ளி இருக்கும் (பித்தகோரஸ் தேற்றம் போட்டுப் பார்க்கலாம்). எனவே எதிர்த்து நிற்கும் திருப்புத்திறன் 800 × 6.6, அதாவது 5,280. தடியின் உச்சியில் கைவைத்துத் தள்ளினால் நமக்குக் கிடைக்கும் நெம்புதூரம் 22 அங்குலமே. 240 கிலோ விசை வேண்டும். தனி ஆளால் ஆகாது. 5 அடிக் காம்புள்ள பீவியை மாட்டினால் நெம்புதூரம் சுமார் 65 அங்குலம் ஆகிறது. தேவைப்படும் விசை 80 கிலோ அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு பேர் இரண்டு பீவிகளோடு நின்றால் ஆளுக்கு 40 கிலோ.

இன்னொரு நயமும் உண்டு. காம்பை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு ஆழமாகக் கொக்கி மரத்தைக் கடிக்கும். பிடியை இறுக்குவதற்கென்று தனி விசை தேவையில்லை.

ஆலைக்குள் ஏன் முள் ஆகாது

ஆலையில் வேலையே வேறு. குளத்திலிருந்து சங்கிலி வழியாக மேலேறி வரும் தடியை மேடையில் உருட்டி, ரம்பத்தை நோக்கி ஓடும் வண்டியின்மேல் ஏற்ற வேண்டும். முதலில் ஒரு பக்கத்துப் புறப்பட்டைப் பலகையை அறுத்துத் தள்ளுவார்கள். பிறகு தடியைத் திருப்பி, அறுத்த தட்டைமுகம் வண்டியில் படியும்படி வைத்து, அடுத்த பக்கம் அறுக்க வேண்டும். இப்படிப் பக்கங்கள் தட்டையாக்கிய மரத்துக்கு ஆங்கிலத்தில் 'கான்ட்' என்று பெயர். அதைப் புரட்டும் கொக்கி கான்ட் ஹூக்.

உருண்டைத் தடி உருளும். தட்டையாக்கிய மரம் உருளாது, விளிம்பின்மேல் ஏறிக் கவிழ வேண்டும். இங்கேதான் அந்தச் சிறு மூக்கு உதவுகிறது. ஒரு பக்கம் கொக்கியும் மறுபக்கம் மூக்கும் இடுக்கிபோலச் சேர்ந்து மரத்தைக் கவ்வுகின்றன. முள்முனை தட்டைமுகத்தில் வழுக்கும். வழுக்காவிட்டால் குத்தும். விலைபோக வேண்டிய பலகையின் முகத்தில் குழி விழும். போதாக்குறைக்கு, இரும்பு வண்டி, தண்டவாளம், சக மனிதர்களின் கால்கள் எல்லாம் நெருக்கமாக உள்ள இடத்தில் ஓரடி முள்ளை வீசிக்கொண்டு நடப்பது புத்திசாலித்தனமல்ல.

ஆற்றிலோ அந்த முள்ளே உயிர். சிக்கிய இரு தடிகளுக்கு நடுவே நுழைத்துப் பிரிக்கலாம். மிதக்கும் தடியில் குத்திப் பிடித்துக்கொண்டு சமநிலை காக்கலாம். வேலை முடிந்ததும் அருகிலுள்ள தடியில் குத்தி நிறுத்திவிட்டால் கருவி நீரோடு போகாது.

நீளமும் அளவும்

கருவி தேர்வில் பலரும் செய்யும் தவறு நீளமானதே நல்லது என்று நினைப்பது. காம்புகள் இரண்டரை அடி முதல் 5 அடி வரை கிடைக்கின்றன. திறந்த வெளியில் பெரிய தடிக்கு நீளக் காம்பு சரி. ஆலை வண்டிக்கு அருகில் அது எதிலாவது இடிக்கும், சிறு தடியைத் தேவைக்கு மேல் வேகமாகப் புரட்டிவிடும். கொக்கியின் அளவும் தடியின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். பெருந்தடியில் சிறு கொக்கி மேற்பரப்பை உரசிக்கொண்டே போகும், கடிக்காது. சிறு தடியில் பெருங்கொக்கி கடிக்க இடமின்றிச் சுற்றி வந்துவிடும். காம்புக்கு ஆஷ், மேப்பிள், ஹிக்கரி மரங்கள். அவற்றிலும் நரம்பு நேராக ஓடும் துண்டே ஏற்றது.

எதை எடுத்தாலும் தடி இறங்கும் பக்கம் நிற்கக் கூடாது, காம்புக்கு இருபுறமும் கால்போட்டு நிற்கக் கூடாது. பாதியில் விட்ட தடி திரும்பி உருண்டால் காம்பு எதிர்த்திசையில் அடிக்கும். முன்பு நமக்குப் பயன்பட்ட அதே நெம்புதூரம் இப்போது 800 கிலோவின் பக்கம் சேர்ந்துவிடுகிறது.

பின்னாளில்

பெரிய ஆலைகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே நீராவியால் இயங்கும் புரட்டிகள் வந்து கான்ட் ஹூக்கின் வேலையைக் குறைத்தன. ஆற்றில் பீவி இன்னும் நெடுங்காலம் நீடித்தது. மேய்னில் கடைசித் தடி ஓட்டம் 1976இல் கென்னபெக் ஆற்றில் நடந்தது. லாரிச் சாலைகள் காட்டுக்குள் நீண்டதும், ஆற்றடியில் மரப்பட்டை படிந்து நீர் கெடுவதற்கு எதிராகச் சட்டம் வந்ததும் அந்த வழக்கத்தை முடித்து வைத்தன.

ஆனால் கருவிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை. ஒருவரோ இருவரோ நடத்தும் சிறு பட்டை ரம்ப ஆலைகள் அமெரிக்காவில் பெருகியதால் கான்ட் ஹூக்குக்கு மறுபடி வேலை வந்தது. அதன் காம்பின் பின்புறம் ஒரு இரும்புக் கால் பொருத்திய புதிய வகையும் உண்டு. கொக்கியால் தடியைப் பற்றிக் காம்பைச் சாய்த்தால் தடி தரையிலிருந்து சில அங்குலம் உயர்ந்து அந்தக் காலின்மேல் நிற்கும். சங்கிலி ரம்பத்தின் பற்கள் மண்ணில் பட்டு மழுங்காமல் துண்டு போட அது உதவுகிறது.