பாலாற்றங்கரையின் உப்பும் குரோமியமும்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் வளர்ந்த ஊர்களில் தோல் பதனிடுதல் நெடுங்காலம் பட்டைத் தொழிலாகவே இருந்தது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய குழிகளில் வாரக்கணக்கில் கிடந்து பதமான தோல், அரைப்பதத் தோலாகவே கப்பலேறியது. குரோமிய உப்பைக் கொண்டு ஓரிரு நாளில் தோலைப் பதப்படுத்தும் முறை, ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னைக்கு வந்து, குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரிலும் நிலைத்துவிட்டது. ஆயினும் பாலாற்றங்கரையில் அது பரவலானது, முழுமையாக முடித்த தோலையும் தோற்பொருளையுமே ஏற்றுமதி செய்ய வேண்டும் என்ற சீதாராமையா குழுவின் 1972-ஆம் ஆண்டுப் பரிந்துரையை நடுவண் அரசு ஏற்றுக்கொண்ட பிறகுதான்.

இதனால் பட்டைக் காலம் மாசற்றதென்று எண்ணிவிடக் கூடாது. பச்சைத் தோல் அழுகாதிருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உப்பிட்டு அடுக்குவது இரு முறைகளுக்கும் பொதுவான வழக்கம். முதல் ஊறலிலேயே அவ்வுப்பின் பெரும்பகுதி தண்ணீரில் கரைந்து வெளியேறும். அந்நீர் இறங்கிய கிணறுகள் உவர்த்ததை முதலில் கண்டறிந்த கருவி குடியானவரின் நாக்கு.

நாக்கு அறிந்ததை எண்ணாக்க ஆய்வகத்தார் கையாளும் முறை எளியது. வடிகட்டிய நீரை எடைபார்த்த கிண்ணத்தில் வற்றவைத்து, 180 பாகை செல்சியசில் உலர்த்தி, ஆறியபின் மீண்டும் நிறுத்தால் கூடியிருக்கும் எடையே மொத்தக் கரைதிடம், அதாவது நீரில் கரைந்திருந்த உப்புகளின் கூட்டு அளவு. குரோமியம் நாக்குக்கு எட்டாது. அதன் நச்சு மிகுந்த ஆறிணைதிற வடிவம் இருந்தால், அமிலமிட்ட நீரில் டைபீனைல்கார்பசைடு கரைசலைச் சேர்த்ததும் செவ்வூதா நிறம் எழும். நிறத்தின் அடர்த்தியை ஒளிமானியில் அளந்து அளவு கணிக்கப்படும். தோலில் ஏறுவது நச்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியமே என்பதும், இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்றின் கழிவுக் குவியலிலிருந்து கசிவது ஆறிணைதிற வடிவம் என்பதும் பொதுப்பேச்சில் அடிக்கடி குழம்பிவிடுகின்றன.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலும், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இலும் வந்தபின்னும் கழிவுநீர் ஆற்றில்தான் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியிழந்துவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் மதிப்பீட்டை உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறி, 1996 ஆகஸ்டு 28-இல் அளிக்கப்பட்ட அத்தீர்ப்பில் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. இழப்போடு ஒப்பிட்டால் தண்டம் சிறிதே; நெறிதான் பெரிது.

வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குரோமியம், 2,100 மில்லிகிராம் கரைதிடம் என்ற வரம்புகளில் முதலாவதை எட்டுவது கடினமன்று. காரமிட்டால் குரோமியம் வண்டலாகப் படிந்துவிடும், அதை அமிலத்தில் கரைத்து மறுபடியும் பயன்படுத்தவும் இயலும். சமையலுப்போ எந்த வண்டலோடும் படியாமல், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக் கடந்து அப்படியே ஆற்றுக்குச் சென்றது. இதைத் தடுக்கவே, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நீரைப் பிரித்து எஞ்சியதை ஆவியாக்கி, ஒரு சொட்டும் வெளிவிடாத ஏற்பாடு பின்னர் கட்டாயமாயிற்று.

பிடித்து வைத்த மாசுக்கும் இடம் வேண்டும். இராணிப்பேட்டையில் 2015 சனவரி இறுதியில் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் சேற்றில் மூழ்கி இறந்தனர். ஆவியாக்கியபின் எஞ்சும் கலப்பு உப்பை மீண்டும் தோலுக்கு இடுவதும் எளிதன்று, வாங்குவோரும் அரிது. மழை பட்டால் மறுபடியும் மண்ணில் இறங்கிவிடும் என்பதால், அதைக் கூரைக்கடியில் மூட்டைகளாக அடுக்கி வைக்க வேண்டியிருக்கிறது.